ஜிபிஎஸ்ஸிலிருந்து ஒரே ஒரு நேரம் எடுக்கப் போய்…

“மாப்ள, உன் மிசினு மழைய ஒரு நாள் முந்தியே பெய்ய வச்சிருச்சு” என்று மாமா போனில் சொன்னபோது முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் தாண்டிக்குடிப் பக்கம் அவருடைய காப்பித் தோட்டம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. போன் பேச வேண்டும் என்றால் ரோட்டு மேட்டுக்கு ஏறி வர வேண்டும். கிண்டல் பண்ணுவதற்காக அவ்வளவு தூரம் ஏறுகிற ஆள் இல்லை அவர்.

9-ஆம் தேதிக்கு அவர் நோட்டில் 38 மில்லிமீட்டர் எழுதியிருந்தார். தோட்டத்தில் நான் வைத்திருக்கும் மழை அளக்கும் பெட்டியில் 9-க்கு நேராகப் பூஜ்யம், 8-க்கு நேராக 38. அளவு புள்ளிகூடப் பிசகவில்லை, நாள்தான் தப்பு.

மழைக்கணக்கில் நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை. இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி, காலை 8:30-க்கு முடிகிற 24 மணி நேரத்தில் பெய்தது அன்றைய தேதியில் சேரும். மாமாவும் காலை எட்டரைக்குக் குடுவையை எடுத்து, அளந்து, கொட்டிவிட்டு நோட்டில் எழுதுகிறார். பல வருடப் பழக்கம். 8-ஆம் தேதி சாயங்காலம் பெய்த மழை 9-ஆம் தேதிக் கணக்கில்தான் வர வேண்டும். பெட்டி அதை 8-இல் சேர்த்திருக்கிறது என்றால், அந்த மழை 8-ஆம் தேதி காலை எட்டரைக்கு முன்பே பெய்ததாக அது நம்பியிருக்கிறது.

பெட்டி பெரிய விஷயமில்லை. கவிழ்வாளி மழைமானி ஒன்று, உள்ளே ஏற்றம் மாதிரி ஒரு சின்ன வாளி. 0.2794 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும். கவிழும்போது ஒரு காந்தம் ரீட் ஸ்விட்சைத் தாண்டிப் போகும், அதை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி எண்ணும். அன்றைக்கு 136 கவிழ்ப்பு, பெருக்கினால் 38.0. முன்னால் ஒரு எல்சிடியில் நாள்வாரியாக மழையளவு ஓடும். அவ்வளவுதான்.

சிக்கல் கடிகாரத்தில். என்னிடம் இருப்பது பழைய பை, அதில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரம் மறந்துவிடும். வீட்டில் இருந்தால் இன்டர்நெட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும், தோட்டத்தில் இன்டர்நெட்டும் இல்லை. கடைசியாகச் சேமித்த நேரத்தை பூட் ஆகும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு அதில் உண்டு, ஆனால் கரண்ட் எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒரு நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை மாட்டியிருந்தேன். இடம் தெரிவதற்காக இல்லை, தோட்டம் எங்கும் போய்விடாது. நேரத்துக்காக.

ஜிபிஎஸ் மாட்யூல் சீரியல் போர்ட்டில் நொடிக்கு ஒருமுறை ஒரு கொத்து வரிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொட்டும். வேகம் 9600, அதாவது நொடிக்கு 960 எழுத்து. எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது, எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரம் என்று வகைவகையாக வரிகள். எனக்கு வேண்டியது ஆர்எம்சி என்ற ஒரு வகை மட்டும். அது இப்படி இருக்கும்:

$ஜிபிஆர்எம்சி,103412.00,ஏ,1018.12345,என்,07738.12345,இ,0.052,,081023,,,ஏ*79

முதலில் நேரம்: 10 மணி 34 நிமிடம் 12 நொடி, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அடுத்த ‘ஏ’ என்றால் செயற்கைக்கோள்கள் சிக்கி ஃபிக்ஸ் கிடைத்துவிட்டது, நம்பலாம். ‘வி’ என்றால் நம்பாதே. ஒன்பதாவது இடத்தில் தேதி. நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருவது செக்சம், வரி கெடாமல் வந்ததா என்று பார்க்க உதவும் எண்.

ஆக வேலை இதுதான்: ஓடிக்கொண்டே இருக்கும் வரிகளில் ஆர்எம்சி வரிகளை மட்டும் சலித்து, அதிலும் ‘ஏ’ உள்ளதைச் சலித்து, ஒரே ஒரு வரியைப் பிடித்து, அதிலிருக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் வைப்பது. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். எழுதவும் பத்து நிமிடம்தான் ஆனது:

டைம்அவுட் 180 கேட் /டெவ்/சீரியல்0 | கிரெப் ஆர்எம்சி | கிரெப் -எம்1 ',ஏ,' | ஆக் …

மூன்று நிமிடம் வரை போர்ட்டைப் படி (டைம்அவுட், கேட்), இரண்டு முறை சலி (கிரெப்), முதல் பொருத்தத்தோடு நிறுத்து, கடைசியில் ஆக் அந்த வரியை வெட்டி ‘2023-10-08 10:34:12’ மாதிரி ஒட்டித் தரும். அதை ஒரு மாறியில் வாங்கி ‘டேட் -யு -எஸ்’ கமாண்டுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன், நேரம் சரியாக இருந்தது. தோட்டத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மாமா போன் பண்ணிய வார இறுதியில் போய், பெட்டி எழுதிவைத்த லாகை எடுத்துப் பார்த்தேன். 8-ஆம் தேதி மூன்றரை மணி வாக்கில் கரண்ட் போயிருக்கிறது, வந்தது நாலே கால் போல என்றார் மாமா. வந்ததும் பை பூட் ஆகி, என் ஸ்கிரிப்ட் ஓடி, லாகில் ‘நேரம் வைக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. எந்த நேரம்? 05:30:00. ஒரு நொடி கூடவோ குறையவோ இல்லை. அப்புறம் 5:37-க்கு முதல் கவிழ்ப்பு, 6:47-க்குக் கடைசி. சாயங்கால மழை விடியற்கால மழையாகிவிட்டது.

ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததுமே மண்டையில் மணி அடித்தது. நமக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசம் அது. யாரோ கடிகாரத்தை யுடிசி நள்ளிரவில் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது? ஜிபிஎஸ் நிச்சயமாக இல்லை.

மடிக்கணினியில் உட்கார்ந்து ‘டேட்’ கமாண்டுக்கு வெறும் மேற்கோள் குறிகளை, உள்ளே ஒன்றுமே இல்லாமல், கொடுத்துப் பார்த்தேன். பிழை என்று கத்தும் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, இன்றைய நள்ளிரவைக் காட்டியது. கையேட்டிலேயே இருக்கிறது: வெற்றுச் சரம் என்றால் இன்றைய நாளின் தொடக்கம். ‘-யு’ போட்டிருப்பதால் யுடிசி நாளின் தொடக்கம், நமக்குக் காலை ஐந்தரை.

நடந்தது இப்போது புரிந்தது. மாட்யூலைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தேன். தகரத்தைத் தாண்டி வானம் தெரியாது. வீட்டு மாடியில் அரை நிமிடத்தில் ஃபிக்ஸ் கிடைத்த மாட்யூலுக்கு, அங்கே மூன்று நிமிடத்திலும் ஒரு ‘ஏ’ கூட வரவில்லை. டைம்அவுட் கேட்டைக் கொன்றது, கிரெப் ஒன்றும் கிடைக்காமல் முடிந்தது, ஆக் எதையும் அச்சிடவில்லை, மாறி காலி. அந்தக் காலியை நான் அப்படியே டேட்டிடம் கொடுக்க, அது மரியாதையாக நள்ளிரவை வைத்துவிட்டது.

சலித்தால் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த ஓட்டை மற்ற நிரல் மொழிகளிலும் உண்டு. சி ஷார்ப்பில் ‘ஃபர்ஸ்ட்ஆர்டிஃபால்ட்’ என்று ஒன்று இருக்கிறது. பொருந்துவது எதுவும் இல்லை என்றால் எண்களுக்குப் பூஜ்யம் தரும், தேதிகளுக்கு முதலாம் ஆண்டு ஜனவரி 1-ஐத் தரும். பூஜ்யம் மில்லிமீட்டர் மழை என்பதும் அளக்கவே இல்லை என்பதும் ஒன்றா? இரண்டும் ஒரே எண்ணாக வந்து நின்றால் பிரிக்க வழி இல்லை. ஜாவாவில் 2014-இல் ஸ்ட்ரீம் வந்தபோது ‘ஃபைண்ட்ஃபர்ஸ்ட்’ மதிப்பை நேராகத் தராமல் ‘ஆப்ஷனல்’ என்ற டப்பாவுக்குள் போட்டுத் தந்தார்கள். அப்போது அதைத் தொல்லை என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். டப்பாவைத் திறக்காமலே ‘கெட்’ போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

சரி, முதல் பழுது சுலபம். மாறி காலியாக இருந்தால் கடிகாரத்தைத் தொடாதே. மாட்யூலைத் தகரத்துக்கு அடியிலிருந்து எடுத்து, ஆன்டெனாவின் பீங்கான் முகம் வானத்தைப் பார்க்கும்படி ஒரு மூடிய டப்பாவில் வைத்து, மூன்று மீட்டர் வயரில் பைக்கு இழுத்தேன். இந்த வயர் பின்னால் வேறு வேலை வைத்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்தமுறை வீட்டில் சோதிக்கும்போது புத்தியாக வைஃபையை அணைத்துவிட்டேன். முதல் தடவை மாடியில் நேரம் சரியாக இருந்ததற்குக் காரணம் என் ஸ்கிரிப்ட் இல்லை, பின்னால் இன்டர்நெட் வந்து திருத்திவிட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் வைஃபை இல்லாமல் பார்த்தபோது, போனில் 6:12 என்றால் பையில் 6:10. இரண்டு நிமிடம் பின்னால். திரும்ப ஓட்டினேன், திரும்பவும் இரண்டு நிமிடம்.

ஜிபிஎஸ்ஸின் நேரம் செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரத்திலிருந்து வருகிறது. அது இரண்டு நிமிடம் பிசகுமா? கேட்டை மட்டும் டெர்மினலில் ஓட்டினால் வரிகள் போன் கடிகாரத்தோடு ஒட்டி வந்தன. கேட்டோடு முதல் கிரெப்பை மட்டும் சேர்த்தாலும் அப்படியே, நொடிக்கு ஒரு வரி டாண் டாண் என்று. முழுச் சங்கிலியையும் போட்டால் மட்டும் ஒரு நிமிடம் மௌனம், அப்புறம் ஒரு வரி, அப்புறமும் இன்னொரு நிமிடத்துக்கு டெர்மினல் கைக்கு வராமல் தொங்கல்.

இதற்குள் நிறைய நேரம் போனது. கடைசியில் காரணம் பஃபர், அனுப்புவதற்கு முன் எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் இடம். கிரெப்பின் வெளியீடு திரைக்குப் போகிறது என்றால் வரிக்கு வரி தள்ளிவிடும். அதே கிரெப் ஒரு பைப்புக்குள் (கமாண்டில் ‘|’ குறி) எழுதுகிறது என்றால், ஆள் நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் ஷேர் ஆட்டோ மாதிரி 4096 பைட் சேரும் வரை அசையாது. பெரிய ஃபைலைச் சலிக்கும்போது இது நல்ல யோசனைதான், ஒரு கண்ணிமைப்பில் நிறைந்துவிடும். என் ஓட்டமோ நொடிக்கு ஒரு வரி. ஆர்எம்சி வரி ஒன்று 68 பைட் போல வரும். 4096-ஐ 68-ஆல் வகுத்தால் 60. அறுபது நொடிக்கு ஒருமுறைதான் ஆட்டோ கிளம்பும், அதில் முதலில் ஏறி உட்கார்ந்த வரியைத்தான் இரண்டாவது கிரெப் ‘இதோ முதலாவது’ என்று பிடித்துக்கொள்ளும். பிடித்த வரியில் ஒரு தப்பும் கிடையாது, ஒரு நிமிடம் பழையது என்பதைத் தவிர. திரையில் தனியாக ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் சரியாக வந்து என்னை ஏமாற்றியதும் இதனால்தான்.

இன்னொரு நிமிடம் எங்கிருந்து வந்தது? இரண்டாவது கிரெப் தன் வரி கிடைத்ததும் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. முதல் கிரெப்புக்கு அது தெரியாது. அடுத்தமுறை பைப்பில் எழுதப் போகும்போதுதான், அந்தப் பக்கம் ஆளில்லை என்ற சிக்பைப் சிக்னல் வந்து அது சாகும். அடுத்தமுறை எழுதுவது எப்போது? அடுத்த ஆட்டோ நிறையும்போது. கமாண்டுகளை ஓட்டும் ஷெல்லோ சங்கிலியில் உள்ள எல்லோரும் முடியும் வரை அந்த மாறியை எனக்குத் தராது. வருவதற்கு ஒரு நிமிடம், விடைபெறுவதற்கு ஒரு நிமிடம்.

கிரெப்புக்கு ‘லைன் பஃபர்டு’ என்று ஒரு விருப்பம் இருக்கிறது. போட்டேன், தாமதம் ஒரு நொடியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. முதல் கிரெப் சாவதற்கு அடுத்த ஆர்எம்சி வரி வர வேண்டுமே. மழைக்கு ஒரு நொடி ஒரு பொருட்டா என்றால் இல்லை. ஆனால் காரணம் தெரிந்த பிறகு விட மனமில்லை. இரண்டு கிரெப் எதற்கு என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன். ஒரே பேட்டர்னில் ‘வரியின் தொடக்கத்தில் டாலர், ஆர்எம்சி, எண்கள், ஏ’ என்று எல்லாவற்றையும் எழுதி, ஒரே கிரெப்பை நேராகப் போர்ட்டிலிருந்து படிக்கவிட்டு, ‘-எம்1’ போட்டால் போதும். நடுவில் பைப் இல்லை, நிறைய வேண்டிய ஆட்டோ இல்லை, விடைபெறாமல் நிற்பவரும் இல்லை. கிரெப் வரியைக் கண்டதும் அச்சிட்டு வெளியேறுகிறது.

தொடக்கத்தில் டாலர் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்கும் ஒரு காரணம். நாம் போர்ட்டைத் திறக்கும்போது மாட்யூல் ஒரு வரியின் நடுவில் இருக்கலாம், முதலில் வருவது வாலாக இருக்கும். அப்புறம் ‘-ஏ’ விருப்பத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. திறந்த உடனே சில சமயம் குப்பை பைட்டுகள் வரும். அதைப் பார்த்ததும் கிரெப் இது பைனரி ஃபைல் என்று முடிவுகட்டி, வரியைத் தராமல் ‘பைனரி ஃபைல் பொருந்துகிறது’ என்று ஒரு செய்தியை மட்டும் அச்சிடும். ஒரு தடவை என் நேர மாறிக்குள் அந்த வாக்கியம் வந்து உட்கார்ந்திருந்தது.

இதோடு விட்டிருக்கலாம். மூன்று மீட்டர் வயர் விடவில்லை.

வயர் மோட்டார் லைனுக்குப் பக்கத்தில் போகிறது. மோட்டார் போடும் நேரத்தில் அவ்வப்போது ஒரு எழுத்து கெட்டு வந்தது. கெட்ட எழுத்து இடத்தில் இருந்தால் கவலையில்லை, நேரத்தில் இருந்தால் 10 மணி 14 மணி ஆகலாம். இதற்குத்தான் செக்சம். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள எல்லா எழுத்துகளையும் ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் (ஒருவகை பிட் கணக்கு) செய்தால் வரும் எண், வரியின் கடைசியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஷெல்லில் இதை எழுதலாம், ஆனால் படிக்கிறவர் சாபம் விடுவார். பைத்தானுக்கு மாறினேன்.

மாறும்போது அவசரத்தில், கிரெப் கொடுத்த முதல் வரியை வாங்கி, அதன் செக்சத்தைச் சரிபார்த்து, தப்பென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டேன். மோட்டார் ஓடும்போது இது பாதி நாள் ‘கிடைக்கவில்லை’ என்றது, அடுத்த நொடியே நல்ல வரி வந்துகொண்டிருக்க! முதலாவதை எடுத்துவிட்டு அப்புறம் சரிபார்ப்பது வேறு, சரிபார்த்தவற்றில் முதலாவதை எடுப்பது வேறு. தரையில் விழுந்த முதல் மாங்காயை எடுத்து, அது சொத்தை என்றால் மரத்தில் மாங்காயே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிற கதை. எல்லாச் சல்லடையும் முதலில், எடுப்பது கடைசியில் என்று மாற்றினேன்.

பைத்தானில் அதற்கு அழகான வழி இருக்கிறது. சலிப்பதை, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டராக எழுதி, அதை ‘நெக்ஸ்ட்’டிடம் கொடுத்தால் முதல் பொருத்தத்தைத் தரும். இரண்டாவதாக ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று கொடுத்து வைத்தால், ஒன்றும் இல்லாதபோது ‘நன்’ வரும். ஒரே வரி, காலியும் கவனித்தாயிற்று என்று ஒரு சந்தோஷம். மாட்யூலைக் கையால் மூடி ஃபிக்ஸ் போக வைத்துச் சோதித்தேன். ‘நன்’ வரவில்லை. எதுவுமே வரவில்லை. நிரல் பாட்டுக்குக் காத்துக்கொண்டே இருந்தது.

யோசித்தால் நியாயம்தான். ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்ல வேண்டுமென்றால் ஓட்டம் முடிய வேண்டும். பட்டியலுக்கு முடிவு உண்டு, ஃபைலுக்கு உண்டு. ஜிபிஎஸ் மாட்யூல் கரண்ட் உள்ளவரை ‘வி’ வரிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அடுத்தது ‘ஏ’யாக இருக்கலாமே என்று நெக்ஸ்ட் காத்திருக்கும். முடியாத ஓட்டத்தில் ‘இல்லை’ என்ற பதிலை நேரம்தான் தர வேண்டும், இத்தனை நிமிடத்துக்குள் வராவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள் என. அதனால் சல்லடைக்கு முன்னால் ஒரு ‘டேக்வைல்’ வைத்து, கெடு தாண்டினால் ஓட்டத்தையே வெட்டிவிட்டேன். கெடுவை அளக்க ‘டைம்’ இல்லை, நேரத்தை மாற்றினாலும் பாதிக்கப்படாமல் ஓடும் ‘மோனோடோனிக்’. நாம் மாற்றப் போகிற கடிகாரத்தையே பார்த்துக் கெடு எண்ணினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீரியல் போர்ட்டுக்கும் இரண்டு நொடி டைம்அவுட் வைக்க வேண்டும். வயர் கழன்றுவிட்டால் ‘வி’ வரி கூட வராது, ரீட்லைன் அங்கேயே உட்கார்ந்துவிடும், கெடுவைப் பார்க்க வாய்ப்பே வராது.

பழைய வரிப் பிரச்சினை பைத்தானில் வேறு வேஷத்தில் வந்தது. நிரலின் தொடக்கத்தில் போர்ட்டைத் திறந்துவிட்டு, எல்சிடி, ரீட் ஸ்விட்ச் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு நிதானமாகப் படிக்கப் போனேன். அதற்குள் வந்த வரிகளை இயங்குதளத்தின் கெர்னல் சேர்த்து வைத்திருக்கும், முதலாவது என்று வருவது அந்தப் பழையது. படிப்பதற்கு முன் ‘ரீசெட் இன்புட் பஃபர்’ ஒரு வரி. ஓட்டத்தில் ‘முதலாவது’ என்றால் வந்ததிலேயே முதலாவதா, நான் கேட்டதற்குப் பின் முதலாவதா என்று முடிவு செய்யாமல் விட்டதன் பலன்.

கெடு தாண்டியும் நேரம் கிடைக்காதபோது என்ன செய்வது என்பது மிச்சமிருந்தது. கடிகாரத்தைத் தொடாமல் விடலாம், ஆனால் அதற்குள் மழை பெய்யத் தொடங்கிவிட்டால்? மலையில் கரண்ட் போவதே மழைக்கு முன்னால்தான். இதற்கு ஒரு வழி கிடைத்தது, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கவிழ்ப்புகளை மணி நேரத்தோடு எழுதுவதையே நிறுத்திவிட்டேன். எத்தனையாவது பூட், பூட் ஆகி எத்தனையாவது நொடி என்று மட்டும் எழுதுகிறது. அந்த நொடிக்கணக்கை யாரும் முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. பின்னால் எப்போது ஒரு நல்ல ஆர்எம்சி வரி கிடைத்தாலும், அந்த நேரத்திலிருந்து ஓடிய நொடிகளைக் கழித்தால், பை எத்தனை மணிக்கு பூட் ஆனது என்று தெரிந்துவிடும். அதை வைத்து, முன்னால் எழுதியவை உட்பட எல்லாக் கவிழ்ப்புக்கும் நேரம் போடலாம். ஒரு பூட்டுக்கு ஒரே ஒரு மதிப்பு போதும், அது மூன்று மணி நேரம் கழித்து வந்தாலும் கெட்டுப்போகாது. கிடைக்கும் வரை எல்சிடியில் ‘நேரம் தெரியவில்லை’ என்று காட்டும்.

கிடைத்த நேரத்தையும் கண்ணை மூடி நம்புவதில்லை. ஜிபிஎஸ் வார எண்ணை 1023 வரைதான் எண்ணும், அப்புறம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படிச் சுற்றியது, அடுத்தது 2038 நவம்பரில். இதைச் சரியாகக் கையாளாத பழைய ரிசீவர்கள் இருபது வருடம் பின்னால் போய்விடும். அதனால் கிடைத்த தேதி லாகின் கடைசித் தேதிக்கு முந்தையதாக இருந்தால் அந்த வரியும் சல்லடையில் விழுந்துவிடும். யுடிசியில் அவ்வப்போது சேர்க்கும் லீப் செகண்ட் சங்கதியும் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் நேரம் 2017-இலிருந்து யுடிசியைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. அந்த 18-ஐ ரிசீவர் செயற்கைக்கோளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், முழுச் செய்தியும் ஒரு சுற்று வர பன்னிரண்டரை நிமிடம். அதுவரை தன்னிடம் உள்ள பழைய எண்ணை வைத்துக் கழிக்கும், சில நொடி தப்பலாம். துல்லியம் வேண்டுபவர்கள் முதல் ‘ஏ’யில் பாயாமல் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுக்கவில்லை.

இடையில் மாட்யூல் ஒன்று மின்னலில் போய், எம்8என் வகை ஒன்றை மாட்டினேன். எல்லாம் சரி, ஒரு வரியும் சிக்கவில்லை. அது ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்பதால் வரிகள் ‘ஜிபி’ என்று தொடங்காமல் ‘ஜிஎன்’ என்று தொடங்குகின்றன. பேட்டர்னில் ‘பி அல்லது என்’ என்று ஒரு எழுத்து மாற்றம்.

இதையெல்லாம் மாமாவிடம் காப்பிக் களத்தில் உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “அது சரி மாப்ள, ஒரு கடிகாரத்த வாங்கி உள்ள வச்சிருக்கக் கூடாதா?” என்றார். வைத்திருக்கலாம். டிஎஸ்3231 என்று ஒரு சின்ன கடிகார மாட்யூல், பட்டன் பேட்டரியோடு விலை மலிவு, வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் அதிகம். புதிதாகச் செய்பவர்கள் முதலில் அதை வாங்குங்கள். கணினியின் கடிகாரத்தையே ஜிபிஎஸ்ஸோடு ஒட்டி ஓட்ட வேண்டும் என்றால் ஜிபிஎஸ்டி, குரோனி என்று தேர்ந்த மென்பொருட்கள் இருக்கின்றன, கிரெப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். நானும் இப்போது ஒரு டிஎஸ்3231 மாட்டியிருக்கிறேன், அதைச் சரிபார்க்கிற வேலை மட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு.

போன வாரம் தோட்டத்தில் மறுபடி கரண்ட் போய் வந்திருக்கிறது. கடிகார மாட்யூலைக் கழற்றி வைத்திருந்த நாள் வேறு. லாகைப் பார்த்தேன்: பூட் ஆகி 41-ஆவது நொடியில் முதல் கவிழ்ப்பு, அதற்கு ‘நேரம் தெரியவில்லை’. பதினொரு கவிழ்ப்பு அப்படியே போய், 388-ஆவது நொடியில் ஒரு நல்ல வரி சிக்கியிருக்கிறது. பதினொன்றுக்கும் நேரம் பின்னால் நிரம்பியிருந்தது. காலையில் மாமாவின் குடுவையோடு ஒப்பிட்டதில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், நாள் ஒன்றே.

அந்தப் பழைய 38 மில்லிமீட்டரை லாகில் கையால் 9-ஆம் தேதிக்கு நகர்த்திவிட்டேன். மாமா தன் நோட்டில் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ‘மிசின் தப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறார். அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.